விடியும்வரை காத்திருக்காதீர்கள்!

(இளைஞர்களும் வணிகப் பெருமக்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்லாவில் ஐந்நூறு ரூபாய் குறைந்தால் அன்றிரவே கணக்கைப் புரட்டிப் பார்க்கிறோம். கடைப் பூட்டு உடைந்திருந்தால் பஜ்ரு பாங்கு சொல்வதற்குள் காவல் நிலைய வாசலில் போய் நிற்கிறோம். ஆனால் வீட்டில் ஒரு பிள்ளையைக் காணவில்லை என்றால் மட்டும் என்ன சொல்கிறோம்? ‘பொறுங்கள், வந்துவிடுவான். மாமி வீட்டுக்குப் போயிருப்பான். வெளியே தெரிந்தால் அசிங்கம். காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறோம்! காசுக்கு இருக்கும் அவசரம் பிள்ளைக்கு இல்லையா?

இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது இந்தத் தாமதத்தைப் பற்றித்தான். பிள்ளை காணாமல் போன செய்தியை உரிய இடத்தில் சொல்வதில் வீட்டார் செய்யும் தாமதம், அதைப் பதிவு செய்வதில் காவல்துறை செய்யும் தாமதம், இரண்டையும் விட்டுவிட்டு ஊரார் செய்யும் வீண் விவாதம். மூன்றையும் பார்ப்போம்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், யாரும் பதற வேண்டாம். காணாமல் போகும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் திரும்பி வந்துவிடுகிறார்கள். மதிப்பெண் குறைந்ததற்காகவும், அடிக்குப் பயந்தும், கூட்டாளியோடு ஊர் சுற்றவும் போனவர்கள் அவர்கள். ஆனால் நம் பிள்ளை அந்தப் பெரும்பான்மையில் ஒருவனா, அல்லது ஆபத்தில் மாட்டிக்கொண்ட சிலரில் ஒருவனா என்பது அந்த முதல் மணி நேரத்தில் நமக்கு எப்படித் தெரியும்? தெரியாது! தெரியாதபோது எதை நம்பிச் செயல்பட வேண்டும்? ஆபத்து இருக்கிறது என்று நம்பித்தான் செயல்பட வேண்டும்.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம், கடத்திக் கொல்லப்பட்ட பிள்ளைகளின் வழக்குகளைத் தொகுத்து ஆராய்ந்து 1997லும் 2006லும் அறிக்கை வெளியிட்டது. அப்படிக் கொல்லப்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர், கடத்தப்பட்ட 3 மணி நேரத்துக்குள் உயிரிழந்திருந்தார்கள். இப்படிப்பட்ட வழக்குகள் அரிதானவைதான். ஆனால் 3 மணி நேரம் என்பது என்ன? மஃரிபுக்குக் காணாமல் போன பிள்ளையை, இஷா தொழுதுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, உறவினர் வீடுகளுக்குப் போன் போட்டு முடிப்பதற்குள் ஓடிவிடும் நேரம்!

வீட்டுக்குள் நடக்கும் தாமதம்

நம் வீடுகளில் ஏன் தாமதிக்கிறோம்? மனம் திறந்து பேசுவோம்.

முதலாவது, மானம். காணாமல் போனது பெண் பிள்ளையாக இருந்தால் போதும், வீடு வாயை மூடிக்கொள்கிறது. ‘நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்?’ என்ற கேள்வி முதலில் வந்து நிற்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறாள் என்ற கேள்வி பின்னால் போய்விடுகிறது. அவளை ஏமாற்றி அழைத்துப் போனவனுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறென்ன? இரண்டு மாநிலம் தாண்டிப் போகும் அவகாசத்தை நாமே அவனுக்குக் கொடுக்கிறோம்.

இரண்டாவது, ‘ஆம்பளை வரட்டும்’ என்பது. வாப்பா சவூதியில் இருக்கிறார், துபையில் இருக்கிறார். உம்மா தனியாக இருக்கிறார். வெளிநாட்டுக்குப் போன் போட வேண்டும், அவர் வேலையில் இருப்பார், அவர் தம்பியை அனுப்பச் சொல்வார், தம்பி வெளியூரில் இருப்பார், பிறகு முத்தவல்லியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். இப்படியே இரவு கழிந்துவிடுகிறது. தாய்மார்களே! காவல் நிலையத்தில் தகவல் கொடுப்பதற்கு ஆண் வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பாட்டி கொடுக்கலாம், ஆசிரியர் கொடுக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கலாம். ஜமாஅத்தின் அனுமதி தேவையே இல்லை. ஜமாஅத் செய்ய வேண்டியது கூடவே வருவது.

மூன்றாவது, காவல் நிலையத்தைப் பற்றிய அச்சம். நம் சமுதாயத்தில் இந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பெயரைக் கேட்டதும் முகம் மாறிய அதிகாரிகளைப் பார்த்த தலைமுறை நாம். ஆனால் அந்த அச்சத்தின் விலையைப் பிள்ளை ஏன் கொடுக்க வேண்டும்?

நான்காவதை ஒரு மத்ரஸாவில் ஓதி வந்தவன் என்ற முறையில் உரிமையோடு சொல்கிறேன். விடுதியில் தங்கி ஓதும் பையன் இரவோடு இரவாக ஓடிப்போனால், ‘மத்ரஸாவுக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமே’ என்று பெற்றோருக்குக்கூடச் சொல்லாமல் இரண்டு நாள் தாங்களே தேடிப் பார்க்கும் நிர்வாகிகள் இருக்கிறார்கள். பள்ளிக்கூட விடுதிகளிலும் இதே கதைதான். பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதம் காணவில்லை என்றால் உரியவருக்கு உடனே சொல்ல வேண்டாமா? மறைத்த இரண்டு நாளில் அவன் ரயிலேறி எங்கே இறங்கினானோ, யார் கையில் சிக்கினானோ!

‘சபுர் செய்யுங்கள்’ என்று ஆறுதல் சொல்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மூஸா நபியின் வரலாறு நமக்குத் தெரியும். குழந்தையை ஆற்றில் விட்ட அந்தத் தாய், இறைவனுடைய வாக்குறுதியைப் பெற்றிருந்தவர். அப்படியிருந்தும் என்ன செய்தார்? உடனே மகளை அழைத்து, பின்னாலேயே போய்ப் பார்த்து வரச் சொன்னார். அந்தச் சிறுமி கண்ணை எடுக்காமல் தொடர்ந்து போனதால்தான் குழந்தை தாய் மடிக்கே திரும்பி வர வழி பிறந்தது. தவக்கல் வைத்த தாயே ஆளை அனுப்பித் தேடினார். நாம் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு சபுர் என்கிறோம்!

நிதாரி சொல்லும் பாடம்

இனி, காவல்துறையின் தாமதத்துக்கு வருவோம். நிதாரி என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். டெல்லியை ஒட்டியுள்ள நொய்டாவில் இருக்கிறது அந்தக் கிராமம். பிழைப்புக்காகப் பல மாநிலங்களிலிருந்து வந்த கூலித் தொழிலாளிகளும், ரிக்ஷா ஓட்டுபவர்களும், பங்களாக்களில் வீட்டு வேலை செய்யும் பெண்களும் வாழும் இடம். 2005லிருந்து அங்கே பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். பெற்றோர் காவல் நிலையத்துக்கு நடந்தார்கள். என்ன பதில் கிடைத்தது? ‘உன் மகள் எவனோடாவது ஓடிப்போயிருப்பாள், போய்த் தேடு’ என்று விரட்டப்பட்டதாகப் பெற்றோர் பலர் கதறினார்கள்.

2006 டிசம்பர் கடைசியில், ஒரு பங்களாவை ஒட்டிய சாக்கடையிலிருந்து எலும்புகளும் மண்டையோடுகளும் எடுக்கப்பட்டன. நாடே அதிர்ந்தது. பத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள்! புகாரைப் பதியாத காவலர்கள் சிலர் வேலையை இழந்தார்கள். மத்திய அரசு விசாரணைக் குழு அமைத்தது. குழுவும் காவல்துறையின் அலட்சியத்தைச் சுட்டிக்காட்டியது.

அன்றைக்கு நாட்டில் எழுந்த விவாதத்தில் ஒரு கேள்வி எல்லோர் நெஞ்சையும் அறுத்தது. அதே நொய்டாவில், அதே ஆண்டு நவம்பர் மாதத்தில், ஒரு பெரிய கணினி நிறுவனத்தின் இந்தியத் தலைவருடைய 3 வயது மகன் கடத்தப்பட்டான். காவல்துறை முழுவதும் களத்தில் இறங்கியது. ஒரு வாரத்துக்குள் குழந்தை பத்திரமாக வீடு திரும்பியது. அல்ஹம்துலில்லாஹ், அந்தக் குழந்தை பிழைத்ததில் நமக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வேகம் ரிக்ஷாக்காரன் மகளுக்கு ஏன் இல்லை? கோடீஸ்வரன் பிள்ளை என்றால் கடத்தல், ஏழை பிள்ளை என்றால் ஓடிப்போனதா?

வழக்கின் முடிவைக் கேளுங்கள். அந்தப் பங்களாவின் உரிமையாளருக்கும் வேலைக்காரருக்கும் கீழ் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. ஆண்டுகள் ஓடின. 2023 அக்டோபரில் அலகாபாத் உயர்நீதிமன்றம், விசாரணையே குளறுபடியாக நடந்திருக்கிறது, சான்றுகள் முறையாகச் சேகரிக்கப்படவில்லை என்று கண்டித்து இருவரையும் விடுதலை செய்தது. அதை எதிர்த்த மேல்முறையீடுகளை 2025ல் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வேலைக்காரர் மீது எஞ்சியிருந்த கடைசி வழக்கிலும் அதே ஆண்டு நவம்பரில் அவரை விடுவித்தது. பிள்ளைகள் செத்தது உண்மை. கொன்றவர் யார்? சட்டத்தின் கணக்கில் இன்றுவரை யாருமில்லை!

முதல் பிள்ளை காணாமல் போன அன்றே புகாரைப் பதிந்து தெருவைச் சல்லடை போட்டிருந்தால், அடுத்தடுத்த பிள்ளைகள் பிழைத்திருக்கலாம். குற்றவாளி யாராக இருந்தாலும் சான்றோடு பிடிபட்டிருக்கலாம். தாமதம் உயிரையும் பறிக்கிறது, நீதியையும் பறிக்கிறது.

சட்டம் உங்கள் பக்கம்தான்

நிதாரிக்கு முன்பே, 2005ல் வெளியான தேசிய மனித உரிமை ஆணையத்தின் ஆய்வு, ஆண்டுக்குச் சராசரியாக 44,000 பிள்ளைகள் காணாமல் போவதாகப் பதிவாகிறது, அவர்களில் 11,000 பேர் கிடைப்பதே இல்லை என்று சொன்னது. நிலைமை இப்படியிருக்க, குழந்தைகள் மீட்பு அமைப்பான பச்பன் பச்சாவ் ஆந்தோலன் உச்சநீதிமன்றத்துக்குப் போனது. 2013 மே 10 அன்று, தலைமை நீதிபதியாக இருந்த அல்தமஸ் கபீர் தலைமையிலான அமர்வு உத்தரவிட்டது. 18 வயது நிரம்பாத பிள்ளையைக் காணவில்லை என்று யார் வந்து சொன்னாலும் முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும். வேறுவிதமாக நிரூபணம் ஆகும்வரை அதைக் கடத்தல் என்றோ விற்பனைக்காகக் கொண்டுபோனது என்றோதான் கருத வேண்டும். ‘ஓடிப்போயிருப்பாள்’ என்று ஊகிக்கும் உரிமையைக் காவல் நிலையத்திடமிருந்து உச்சநீதிமன்றம் பறித்துவிட்டது!

இதைப் படிக்கும் ஒவ்வோர் இளைஞரும் சில செய்திகளை மனதில் எழுதிக்கொள்ள வேண்டும்.

‘24 மணி நேரம் கழித்து வா’ என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அது சினிமாவிலும் திண்ணைப் பேச்சிலும் வளர்ந்த கட்டுக்கதை.

‘அது எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173வது பிரிவின்படி, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னஞ்சல் வழியாகவும் கொடுக்கலாம், 3 நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கொடுப்பது அவர்கள் கடமை.

சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள். மனு வாங்கினோம் என்பதற்குத்தான் அந்தச் சீட்டு. அது எஃப்.ஐ.ஆர். அல்ல. நான் பல குடும்பங்களோடு காவல் நிலையம் போயிருக்கிறேன். ரைட்டர் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்ததும் ‘கேஸ் போட்டாச்சு’ என்று நம்மவர்கள் நிம்மதியாகக் கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன். கிளம்பாதீர்கள்! குற்ற எண் என்ன என்று கேளுங்கள்.

பதிய மறுத்தால் சண்டை போட வேண்டாம். அதே விவரத்தை எழுத்தில் எஸ்.பி. அல்லது கமிஷனருக்கு அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால், சென்னையிலோ மதுரைக் கிளையிலோ உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம்.

வழியில் இருக்கும்போதே 112க்கும், குழந்தைகள் உதவி எண் 1098க்கும் அழைத்துவிடுங்கள். ரயில் நிலையம் பக்கம் என்றால் ரயில்வே உதவி எண் 139.

அமெரிக்காவில் நடந்த விவாதம்

தாமதத்தைப் பற்றி அமெரிக்காவிலும் பெரிய விவாதம் நடந்தது. புளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோவில் 2008 ஜூன் மாதம் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று காணாமல் போனது. போலீசுக்குத் தகவல் போனது 31 நாட்களுக்குப் பிறகு. அதையும் சொன்னது தாயல்ல, பாட்டி! டிசம்பரில் எலும்புகள் கிடைத்தன. எப்படி இறந்தது என்று மருத்துவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2011 ஜூலையில், கொலைக் குற்றச்சாட்டிலிருந்து தாயை ஜூரிகள் விடுவித்தார்கள். போலீசிடம் பொய் சொன்னதற்காக மட்டும் தண்டனை கிடைத்தது.

மக்கள் கொதித்தார்கள். பிள்ளை காணாமல் போனதை 24 மணி நேரத்துக்குள் சொல்லாத பெற்றோரைச் சிறையில் போடச் சட்டம் வேண்டும் என்று பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். நியூ ஜெர்சி போன்ற மாநிலங்கள் 2012ல் அப்படியே சட்டம் இயற்றின. புளோரிடா மாநிலமோ காலக்கெடு வைக்காமல், போலீசிடம் பொய் சொன்னால் தண்டனையைக் கூட்டியது. ஏன்? ஒரே ஒரு வழக்கின் ஆத்திரத்தில் சட்டம் போட்டால், துக்கத்தில் திகைத்து நிற்கும் அப்பாவித் தாயும் சிக்கிவிடுவாள் என்று அங்கே சட்டம் தெரிந்தவர்கள் எச்சரித்தார்கள்.

நாம் எந்தப் பக்கம் நிற்பது? நம் நாட்டுக் கஷ்டம் வேறு. இங்கே பெற்றோர் ஓடிப் போய்ச் சொன்னாலும் எழுதிக்கொள்ள ஆளில்லை என்பதுதான் நிதாரியின் கதை. ஆகவே முதலில் காவல் நிலையம் தாமதிக்காமல் இருக்கட்டும். தாமதித்த பெற்றோரைப் பற்றிப் பிறகு பேசுவோம். பிள்ளை இன்னும் கிடைக்காத வீட்டின் வாசலில் நின்றுகொண்டு, ‘தாய் என்ன செய்துகொண்டிருந்தாள்? போனைப் பார்த்துக்கொண்டிருந்தாளா?’ என்று கேட்பவர்கள் எந்த வகையிலும் உதவி செய்பவர்கள் அல்ல. அந்தக் கேள்விக்குப் பயந்துதானே அடுத்த வீட்டுத் தாய் நாளைக்கு மறைப்பாள்!

வணிகர்களே, 24 மணி நேரம் உங்களுக்குத்தான்!

சட்டத்தில் 24 மணி நேரம் என்ற கெடு ஓரிடத்தில் இருக்கிறது. பிள்ளையைத் தொலைத்தவருக்கு அல்ல, கண்டெடுத்தவருக்கு! 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 32வது பிரிவில், வழி தவறிய அல்லது ஆதரவற்ற பிள்ளையைக் கண்டு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர் யாராக இருந்தாலும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ, 1098க்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவிக்க வேண்டும் என்று சொல்கிறது. தெரிவிக்காவிட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

பேருந்து நிலையத்தில் அழுதுகொண்டு நின்ற பையனை அழைத்து வந்து, சாப்பாடு போட்டு, ‘இங்கேயே இரு தம்பி’ என்று டீக்கடையிலோ, பிரியாணிக் கடையிலோ, குடோனிலோ வைத்துக்கொள்கிறோம். நல்ல எண்ணமாகவே இருக்கலாம். ஆனால் எங்கோ ஒரு தாய் அவனைத் தேடிப் பைத்தியமாகிக்கொண்டிருக்கிறாள். அவன் தட்டுக் கழுவும் ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஒரு மரணம். சோறு போடுங்கள், அப்படியே போனையும் எடுங்கள்.

வதந்திக்குப் பலியாகாதீர்கள்!

இளைஞர்களே! அவசரம் வேறு, ஆவேசம் வேறு. 2018 மே மாதம் போளூர் பக்கம் நடந்தது நினைவிருக்கிறதா? குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடி வந்த குடும்பம், தெருவில் விளையாடிய பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஊரே சூழ்ந்து அடித்ததில் 65 வயது மூதாட்டி செத்துப்போனார். அதே நாட்களில் பழவேற்காட்டில் ஓர் அப்பாவியை அடித்துக் கொன்றார்கள். அந்த இரண்டு ஊர்களிலும் உண்மையில் எந்தப் பிள்ளையும் கடத்தப்படவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த வதந்திதான் கொன்றது. மூட்டை சுமந்து வரும் பக்கீரும், துணி விற்க வரும் வடநாட்டுக்காரரும், மனநலம் குன்றியவரும் பிள்ளை பிடிப்பவர்கள் அல்ல. சந்தேகம் வந்தால் 112, அதற்கு மேல் உங்கள் கைக்கு வேலையில்லை.

என்ன செய்யப் போகிறோம்?

பேசிக் கலைந்தால் போதாது. ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு இளைஞர்களும் ஒரு சகோதரியும் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். இரவு எந்நேரம் அழைத்தாலும் அந்தத் தாயோடு காவல் நிலையம் போவது அவர்கள் வேலை.

பிள்ளைகளின் சமீபத்திய புகைப்படமும், வயது, உயரம், மச்ச அடையாளமும் வீட்டில் தயாராக இருக்கட்டும். காணவில்லை என்றதும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு செய்யுங்கள், எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி, எந்த மதத்துப் பிள்ளையாக இருந்தாலும் சரி. ஒரு குழு தேடட்டும், ஒரு குழு காவல் நிலையம் போகட்டும். தேடி முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

கடைக்காரர்கள் கேமராப் பதிவை உடனே எடுத்து வையுங்கள். பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடும். ‘போலீஸ் கேட்டால் தருகிறேன்’ என்று காத்திருந்தால் அவர்கள் கேட்கும்போது அது இருக்காது.

புகைப்படத்தை அனுப்பும்போது தேதியும், காவல் நிலையத்தின் பெயரும் போடுங்கள். பிள்ளை கிடைத்ததும் ‘கிடைத்துவிட்டான்’ என்று சொல்லிப் படத்தை அழித்துவிடுங்கள். வீடு திரும்பிய பிள்ளையின் முகம் பத்து வருடம் ஊர் ஊராகச் சுற்ற வேண்டியதில்லை. திரும்பி வந்த பிள்ளையிடம், அதுவும் பெண் பிள்ளையிடம், ஊர் கூடி விசாரணை நடத்தாதீர்கள். அவளைத் தாயின் மடியில் விடுங்கள். கேட்க வேண்டியதை முறைப்படி கேட்க ஆட்கள் இருக்கிறார்கள்.

பிள்ளை பத்து நிமிடத்தில் தானாக வந்து நின்றால் என்ன நஷ்டம்? காவலரிடம் ‘மன்னிக்க வேண்டும், வந்துவிட்டான்’ என்று சொல்லிவிட்டு வருவோம். அந்தச் சிறு வெட்கத்தைத் தாங்க முடியும். ‘நேற்று இரவே வந்து சொல்லியிருந்தால்...’ என்று ஓர் அதிகாரி இழுக்கும் வார்த்தையைத் தாங்கும் நெஞ்சு எந்தத் தாய்க்கும் இல்லை.

இன்றிரவே உங்கள் வீட்டில் இதைப் பேசுங்கள். உம்மாவிடமும், மனைவியிடமும், வெளிநாட்டில் இருக்கும் சகோதரனிடமும் சொல்லுங்கள்: பிள்ளையைக் காணவில்லை என்றால் யாரையும் கேட்க வேண்டாம், உடனே புறப்படு! அல்லாஹ் நம் அனைவருடைய பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.